சுலோஜனாவுக்காக நான் சொன்ன மறுமொழி

1

இந்தக் கதை ஏன் எழுதப்படுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகைக்காரர் யாரும் கேட்கவில்லை. எனக்குள் ஏதோ பொங்கி வழியவுமில்லை. என் மனைவி சுலோஜனாவை வருகிற புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகவைக்க வேண்டும். அவ்வளவுதான்.

இன்று வியாழன். ஆறு நாள் இருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முன் அவளுடைய இடது கன்னத்தின் உட்பக்கத்திலும், அதைத் தொட்டுக்கொண்டிருந்த நாக்கின் ஓரத்திலும் புற்றுநோய் என்று கண்டு வெட்டி எடுத்தார்கள். போன மாதம் வலது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதில் சிறு துண்டு எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டொக்டர் அஸ்மியா திகதி எழுதிய கார்ட் கொடுத்தார். சுலோஜனா அந்தக் கார்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, "ஏலாது" என்றாள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒரு சொல்லை உருட்டி வெளியே எடுக்கவே அவளுக்கு நேரம் பிடிக்கும். அப்படிப் பாடுபட்டுச் சொன்ன சொல்லை எதிர்த்துக் கதைக்க எனக்கு மனம் வராது.

நான் வாயால் சொல்வதை அவள் கேட்பதுமில்லை. கலியாணம் முடித்து முப்பத்தாறு வருடமாகக் கேட்டதில்லை. ஆனால் நான் எழுதுவதை வாசிப்பாள், பென்சிலும் கையுமாக. இதுவரை பதினேழு கதைகள் எழுதினேன், அச்சில் வந்தவை ஒன்பது. மற்ற எட்டும் அவளுடைய பென்சிலைத் தாண்டவில்லை. ஆகவே தினமும் எழுதி மாலையில் குசினி மேசையில் வைக்கப்போகிறேன். வாசித்து முடிக்கும்போது போக வேண்டும் என்று அவளுக்கே தோன்ற வேண்டும். அவள் ஓரத்தில் எழுதுகிறவற்றைச் சதுர அடைப்புக்குள் அப்படியே விடுகிறேன்.

[எனக்கு மருந்து தாறதுக்கு சீனி பூசுறியள். சரி, பாப்பம். - சு.]

(விதுசன் என்று எங்களுக்கு ஒரு மகன் உண்டு. கொழும்பில் இருக்கிறான். இந்தக் கதையில் அவனுக்கு இடமில்லை. அவன் குறைநினைக்க மாட்டான், என் கதைகளை அவன் வாசிப்பதில்லை.)

2

முதல் தொடக்கம்:

டச்சுக் குடாவில் அலைகள் ஓய்ந்த ஒரு மாலைப்பொழுதில் அவள் கடலைப் பார்த்தபடி நீண்ட நேரம்

[ஆர் பாத்தது? அந்த நேரம் எனக்கு சோறு வடிக்க இருக்கும்.]

இரண்டாவது தொடக்கம்:

வாய்ப் புற்றுநோய் என்பது ஒரு நோயல்ல, பல நோய்களுக்கு நாம் வைத்த ஒரு பெயர். உதடு, நாக்கு, நாக்கின் அடி, பல்முரசு, கன்னத்தின் உட்புறம், அண்ணம் ஆகிய இடங்களில்

[கிளினிக் சுவரில ஒட்டுற நோட்டீஸ். ஆனா எறியாதேங்கோ, பிறகு ஒரு இடத்தில போடுங்கோ. ஆருக்காவது உதவும்.]

மூன்றாவது தொடக்கம்:

என் மனைவியின் குரலை நான் முதன்முதலில் கேட்டது ஒரு ரெலிபோன் தூணின் உச்சியில் இருந்து.

இதற்கு அவள் ஒன்றும் எழுதவில்லை. வசனத்தின் முடிவில் பென்சில் முனையை ஊன்றிப் பிடித்திருந்த ஒரு புள்ளி மட்டும் இருந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அவளுடைய புள்ளிகளும் விளங்கும். இதிலிருந்தே தொடங்குகிறேன்.

3

1986. நான் தொலைபேசித் திணைக்களத்தில் லைன்மேன். உப்புக் காற்று செம்புக் கம்பியைத் தின்கிற ஊர் இது. நிலாவெளி வீதியில் ஒரே தூணில் மாதத்துக்கு மூன்று தரம் ஏறியிருக்கிறேன். ஏறி, கம்பிகள் இணைகிற இடத்தைச் சுரண்டித் துடைத்து முறுக்கிவிட்டு, இடுப்பில் தொங்கும் சோதனை ரெலிபோனைக் கம்பியில் கொழுவி நகரத்து எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட வேண்டும்.

"நம்பர் பிளீஸ்."

"லைன்மேன் சிவகுரு. நிலாவெளி லைன். கேக்குதோ மிஸ்?"

"கேக்குது. இரைச்சலும் கேக்குது. இன்னொருக்கா பாருங்கோ."

இவ்வளவுதான் எங்கள் காதலின் முதல் உரையாடல். அந்தக் குரலில் ஒரு சுத்தம் இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகக் கழுவி வைத்ததுபோல் வரும். காலை பத்து மணிக்குப் பிறகு மட்டும் அதில் ஒரு சின்னத் தடிப்பு. றகரம் வருகிற இடங்களில் கொஞ்சம் ஈரம். கொழும்பில் இருந்து பேசுகிற பெரிய மனிதருக்கோ, சீனன்குடா மா ஆலைக் கணக்கப்பிள்ளைக்கோ அது கேட்டிராது. தூணின் மேல் வெயிலில் வேறு வேலையில்லாமல் நின்றவனுக்குக் கேட்டது.

ஒரு நாள் துணிந்து கேட்டேன்.

"மிஸ், கோவிக்கக் கூடாது. வாயுக்க இருக்கிறது இடப்பக்கமோ வலப்பக்கமோ?"

லைன் அறுந்தது. அன்று முழுக்க, வேலை போய்விடும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் கூப்பிட்டபோது அவள் நம்பர் கேட்கவில்லை.

"இடப்பக்கம்," என்றாள். "ஆருக்கும் சொன்னியளெண்டா உங்கட லைன் ஒண்டும் இந்தச் சென்மத்தில திருந்தாது."

நான் சொல்லவில்லை. இன்றுதான் சொல்கிறேன்.

எக்ஸ்சேஞ்சில் ஆறு பெண்கள் வரிசையாக இருந்து வேலை செய்வார்கள். பின்னால் சுப்பவைசர் அல்பிரட் ஐயா கையைக் கட்டிக்கொண்டு நடப்பார். வேலையில் இருக்கும்போது ஒன்றும் தின்னக் கூடாது. வெற்றிலை என்றால் கேட்கவே வேண்டாம். எட்டு மணித்தியாலம் ஒரே இடத்தில் ஒரே சொற்களைச் சொல்லிச் சொல்லி வாய் காய்ந்து கண் சொருகும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவர்களில் மூத்தவளான கிறேஸ். நகத்தளவு புகையிலை, அதில் சுண்ணாம்பு தடவி, பாக்குச் சீவல் ஒன்று சேர்த்து, இடது கீழ் முரசுக்கும் கன்னத்துக்கும் இடையில் அடக்கி வைப்பது. சப்பக் கூடாது, துப்பக் கூடாது. பல்லில் கறை விழாது. பேசலாம், சிரிக்கலாம், ஐயா பக்கத்தில் வந்தால் குட்மோர்ணிங் சொல்லலாம். மணித்தியாலக்கணக்கில் அது அங்கேயே கிடந்து கரையும். பேசும் குழாய் வலப்பக்கத்தில் இருந்து வளைந்து வருவதால் ஆறு பேரும் இடப்பக்கம்தான் வைத்தார்கள். அதற்கு ஏழாமாள் என்று பெயர்.

[கிறேஸ் அக்காவைக் கூடாதவ எண்டு எழுதாதேங்கோ. எனக்கு முதல் மாசச் சம்பளம் வரமுதல் மத்தியானச் சாப்பாடு தந்தது அவதான்.]

எழுதவில்லை. கிறேஸ் அக்கா நல்ல மனுசி. அந்த ஆறு பேரும் நல்ல மனுசர். மூன்று நிமிடம் முடிந்ததும் லைனை வெட்ட வேண்டும் என்பது சட்டம். யாராவது அழுதால் சுலோஜனா மணிக்கூட்டைப் பார்க்காதமாதிரி இருந்துவிடுவாள். திரியாயில் இருந்து தபாற்கந்தோருக்கு நடந்துவந்து மகனோடு கதைக்கிற தாய்மார் அவளைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள்.

[உண்மைதான். ஆனா கன பேர் சும்மா அழுதவை.]

அந்த நாட்களைப் பற்றி வெட்கமில்லாமல் சொல்கிறேன், தூணில் இருந்து இறங்கவே மனமிருக்காது. ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் ஒருவருக்கும் தெரியாத ஒரு மூலை எனக்கு மட்டும் தெரியும் என்ற பெருமையில் மூன்று வருடம் திரிந்தேன். 1989இல் கலியாணம் நடந்தது.

கலியாணத்துக்குப் பிறகு புகையிலை வாங்குவது என் வேலையாயிற்று. அரசாங்க உத்தியோகம் பார்க்கிற பெண் கடையில் நின்று புகையிலை கேட்க முடியுமா? சந்தையில் பாஹிம் நானாவின் கடைக்கு நான் போவேன்.

"ஆருக்கு தம்பி, உங்களுக்கோ?"

"அம்மாவுக்கு."

என் அம்மா வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை. ஆனாலும் கிழமைக்கு ஒரு தரம் அவவின் பெயரில் வாங்கினேன். 2005இல் அம்மா செத்துப்போனா. செத்தவீட்டுக்கு பாஹிம் நானா வந்து முன்வரிசைக் கதிரையில் இருந்தார். அடுத்த கிழமை கடைக்குப் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, வழமையான அளவில் பேப்பரில் சுற்றித் தந்தார். நான் பழக்கதோசத்தில், "அம்மாவுக்குத்தான் நானா," என்றேன்.

[இதை எனக்குச் சொல்லவே இல்லையே. சிரிச்சு தையல் போட்ட இடம் இழுக்குது.]

4

வெள்ளிக்கிழமை. அவள் பிறகு போடச் சொன்ன நோட்டீஸ் இது. கதை பிடிக்காதவர்கள் இதை மட்டும் வாசித்துவிட்டுப் போனாலும் எனக்குச் சம்மதம்.

டொக்டர் அஸ்மியா ஒரு மருந்துக் கவரின் பின்பக்கத்தில் வாயின் படம் கீறி எனக்கு விளங்கப்படுத்தியவர். வாயில் வருகிற புற்றுகளில் பத்துக்கு ஒன்பது ஒரே இனம். வாயின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய தோலின் தட்டைக் கலங்களில், அதாவது செல்களில், அது தொடங்குகிறது. செதிள்கலப் புற்று என்று பெயர். மிச்சம் கொஞ்சம்: உமிழ்நீர்ச் சுரப்பியில் வருவது, நிணக் கலங்களில் வருவது, தாடை எலும்பில் தொடங்குவது, அண்ணத்தில் கறுப்பாகத் தோன்றும் மிக அரிதான ஒன்று. புகையிலையும் பாக்கும் வாயில் வைக்கிற எங்கள் பக்கத்து நாடுகளில் கன்னமும் முரசும் நாக்கின் ஓரமும்தான் கூடுதலாகப் பிடிபடும். வெயிலில் கிடந்து தொழில் செய்கிறவர்களுக்குக் கீழுதட்டிலும் வரும்.

காரணம் என்று கேட்டால் முதலில் புகையிலை. புகைத்தாலும் ஒன்றுதான், சப்பினாலும் ஒன்றுதான், சும்மா அடக்கி வைத்தாலும் ஒன்றுதான். மதுவும் கூடச் சேர்ந்தால் ஆபத்து பல மடங்கு. தொண்டைப் பக்கம் வருகிறவற்றில் சிலவற்றுக்கு ஒரு வைரஸ் காரணம். பிறகு பாக்கு. புகையிலை இல்லாமல் பாக்கு தனியே போதுமாம். இதை நான் நம்ப மறுத்தேன்.

"என்ன டொக்டர், பாக்கு மங்கலப் பொருள். தட்டில வைச்சுத்தானே கலியாணத்துக்குச் சொல்றது."

"எங்கட கலியாணத்திலயும் வைக்கிறதுதான் அங்கிள். தட்டில இருக்கும்வரைக்கும் ஒரு பிரச்சினையும் இல்ல," என்றார்.

எப்படிக் கண்டுகொள்வது? இரண்டு மூன்று கிழமையில் ஆறாத புண். அது தொடக்கத்தில் நோகாது. நொந்தால் ஆட்கள் நேரத்துக்கே வந்துவிடுவார்கள் என்று டொக்டர் சொன்னார். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. சிவப்புத் திட்டு, இது வெள்ளையைவிடப் பொல்லாதது. பாக்குப் போடுகிறவர்களுக்கு வாய் இறுகி, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நுழைக்க முடியாமல் போவது. கழுத்தில் கட்டி. காரணமில்லாமல் பேச்சுத் தடிப்பது.

[கடைசி வசனத்தை வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதியிருக்கிறியள். ஏன்?]

மறுமொழி இருக்கிறது. திங்கட்கிழமை வரை பொறும்.

டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார், கையுறை போட்ட விரலால் தடவிப் பார்ப்பார், கழுத்தைத் தொட்டுப் பார்ப்பார். ஆனால் துண்டு எடுத்து, அதை ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்க்காமல் ஒருவராலும் இது இன்னது என்று சொல்ல ஏலாது. இருக்கிறது என்றால் எவ்வளவு ஆழம், கழுத்துக்கு இறங்கிவிட்டதா என்று பார்க்க ஸ்கேன். இந்த வரிசையில் ஒன்றைத் தாண்டி மற்றதுக்குப் போக முடியாது. சுலோஜனாவின் வலது கன்னத்துத் திட்டு வெறும் திட்டா, அதற்குமேல் ஏதுமா என்பது அந்தத் துண்டை எடுத்தால்தான் தெரியும். முப்பத்தைந்து வருடம் முழு வாயும் ஒரே சாற்றில் ஊறியிருக்கிறது, ஒரு பக்கத்தை வெட்டியதால் மற்றப் பக்கம் தப்பிவிட்டதென்று அர்த்தமில்லை என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் நான் இப்படிப் பாடாய்ப்படுகிறேன்.

5

சனிக்கிழமை முழுக்க ஒரே காட்சியை எழுதி எழுதிக் கிழித்தேன். இடது கன்னத்தில் புண் தெரிந்தவுடன் நாங்கள் முதலில் போன பல் டொக்டரின் அறை. அவர் பெயர் வேண்டாம். அவர்மேல் ஒரு பிழையும் இல்லை.

முதல் எழுத்து: "பழக்கம் ஏதும் இருக்கோ என்று டொக்டர் கேட்டார். சுலோஜனா இல்லை என்றாள்." பொய்.

இரண்டாம் எழுத்து: "டொக்டர் கேட்டார். அறையில் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. மின்விசிறி மட்டும்" பொய், அதோடு கெட்ட எழுத்து.

மூன்றாவது இது:

"அம்மாவுக்கு வெத்திலை, புகையிலைப் பழக்கம் ஏதும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

சுலோஜனா வாயைத் திறந்தபடி சாய்கதிரையில் கிடந்தாள்.

"சீச்சீ, அவவுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை டொக்டர்," என்றேன் நான்.

யோசித்துச் சொல்லவில்லை. அது அவ்வளவு காலமாக வாயில் தயாராக இருந்த வசனம். அல்பிரட் ஐயாவுக்கு, அவளுடைய தமக்கைக்கு, என் சகலைக்கு, பாஹிம் நானாவுக்கு வேறு விதமாக, எல்லோருக்கும் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வசனம். அவளுடைய மானத்தைக் காப்பது என் வேலை என்று நினைத்திருந்தேன். எங்கள் சந்தோசமே அந்தப் பொய்யைச் சேர்ந்து சொல்வதில்தான் இருந்தது.

அவளுடைய பற்களில் கறை இல்லை, டொக்டர் சந்தேகப்பட ஒன்றுமில்லை. கடைவாய்ப் பல் ஒன்று கூராக இருந்தது. அதைத் தேய்த்து மட்டப்படுத்தினார், பூச மருந்து தந்தார், "ரெண்டு கிழமையில ஆறாட்டிக் கட்டாயம் வாங்கோ" என்றும் சொன்னார். நோகவில்லை, ஆகவே நாங்கள் போகவில்லை. ஏழு மாதம்.

அவர் கேட்டபோது "ஓம் டொக்டர், முப்பத்தஞ்சு வருசமா" என்று சொல்லியிருந்தால் அந்தக் கிழமையே துண்டு எடுத்திருப்பார்கள். அப்போது புண் உளுந்தளவு. கதையில் அந்த மறுமொழியை மாற்ற எனக்கு அதிகாரம் உண்டு. மாற்றி எழுதினேன். எழுதிய தாளில் சுலோஜனா முழு நாக்கோடு நல்ல வடிவாகக் கதைத்தாள். இரண்டு பக்கம் விடாமல் கதைத்தாள். அதைக் குசினி மேசையில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை, அடுப்பில் போட்டுவிட்டேன்.

மேசையில் வைத்த மற்றத் தாள்களில் ஞாயிறு காலை இது இருந்தது:

[வாய் திறந்திருந்தது எண்டு எழுதியிருக்கிறியள். டொக்டர் கண்ணாடியை வெளியில எடுத்த பிறகு மூடினனான். அப்ப சொல்லியிருக்கலாம். இறங்கி வாசலுக்கு வாறவரைக்கும் சொல்லியிருக்கலாம். வெக்கம், சொல்லேல்லை. எல்லாப் பிழையையும் உங்கட பேரில எழுதினா எனக்கு என்ன மிச்சம்?]

ஞாயிறு முழுக்க நான் வேறொன்றும் எழுதவில்லை.

6

திங்கட்கிழமை. தள்ளிப்போட்டது இனித் தள்ள ஏலாது.

முதலில், எப்படி வெளிச்சத்துக்கு வந்தது என்று. நிலாவெளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடமாடும் பல் சிகிச்சை முகாம் வைத்தார்கள். அங்கேதான் டொக்டர் அஸ்மியாவை முதலில் கண்டோம். எங்கள் மகன் வயது. சுலோஜனாவின் வாயைப் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "அங்கிள், கொஞ்சம் வெளியில இருங்கோ," என்றார். நான் வேம்புக்குக் கீழே போய் நின்றேன். பழக்கம் இருக்கோ என்று அவர் கேட்கவில்லையாம். "இந்தப் பக்கம் எத்தின வருசமா வைக்கிறீங்க அன்ரி?" என்று கேட்டாராம். சுலோஜனா வருடத்தைச் சொன்னாளாம். அதன்பின் துண்டு, பத்து நாள், கடிதம், வேறு ஊரில் பெரியாஸ்பத்திரி, கையில் இருந்து தோலெடுத்துக் கன்னத்தில் வைத்த எட்டு மணித்தியாலம், பிறகு முப்பது நாள் கதிர்ச் சிகிச்சை. கதிர் முடிந்த மாதம் அவளுக்குப் பச்சைத் தண்ணீரும் எரிந்தது.

இனி, அவளுக்குத் தெரியாதது.

உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறிய பிறகு அவள் ஏழாமாளை வெகுவாகக் குறைத்திருந்தாள். மத்தியானம் சாப்பிட்டபின் ஒரு துண்டு, அவ்வளவுதான். குரல் பழையபடி காலை ஒன்பது மணிக் குரலாயிற்று. சுத்தமான குரல், எல்லோருக்கும் உரிய குரல். எனக்குத்தான் ஏதோ தொலைந்தமாதிரி இருந்தது. பிறகு, அந்தப் புண்ணை ஒருவரும் காண்பதற்கு மூன்று மாதம் முன்பு, ஒரு காலை குசினியில் இருந்து, "இஞ்சேருங்கோ, பால் காறன் வந்திட்டான்," என்று கூப்பிட்டாள். றகரத்தில் ஈரம். சின்னத் தடிப்பு.

நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். பேப்பரை மடியில் வைத்துவிட்டுச் சிரித்தேன். நிலாவெளி வீதியில் தூணின் மேல் நிற்கிறமாதிரி இருந்தது. திரும்பவும் நாள் முழுக்க வைக்கத் தொடங்கிவிட்டாளாக்கும், கள்ளி, எனக்கும் சொல்லாமல் என்று நினைத்தேன். சந்தோசமாக இருந்தது. அடுத்த கிழமை பாஹிம் நானாவிடம் வழமையைவிடக் கூடுதலாக வாங்கி வந்து அலுமாரியில் அவள் வைக்கிற இடத்தில் வைத்தேன்.

அவள் கூட வைக்கவில்லை. நாக்கின் ஓரம் தடித்துக்கொண்டிருந்தது.

செம்புக் கம்பியில் ஏழு மைல் தாண்டி வந்த குரலில் நகத்தளவு புகையிலையைக் கண்டுபிடித்தவன் நான். பக்கத்து அறையில் இருந்து வந்த நோயைக் கேட்டேன். கேட்டுக்கொண்டு மூன்று மாதம் இன்பமாக இருந்தேன். கூடக் கொஞ்சம் கூப்பிடட்டும் என்று சில நேரம் கேட்காதமாதிரியும் இருந்திருக்கிறேன். பொய் சொன்ன பிழையில் உமக்கும் பங்கு உண்டு என்கிறீர், சரி. இதில் உமக்குப் பங்கில்லை சுலோ. இது முழுக்க என்னுடையது.

(இந்தப் பகுதியின் அடியில் பென்சில் எழுத்து ஒன்றுமில்லை. புள்ளியும் இல்லை.)

செவ்வாய் காலை தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். சொற்களை ஒவ்வொன்றாக எடுத்தாள்.

"அப்ப... அந்த மூண்டு மாசம்... சந்தோசமா இருந்தனீங்களோ?"

"ஓம்," என்றேன். "நான் என்ன நினைச்சனெண்டா..."

கையை உயர்த்தினாள். நிறுத்தினேன். அவள் எழும்பிக் கோழிகளுக்குத் தீன் போடப் போனாள். அவளுக்குக் கோபமா, வேறேதுமா என்று முதுகைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை.

7

செவ்வாய் பின்னேரம். நாளைதான் புதன். முடிவுகள்:

அ. சுலோஜனா போகிறாள். துண்டு எடுக்கிறார்கள். பத்து நாளில் கடிதம்: கலங்களில் கெட்ட மாற்றம் ஒன்றுமில்லை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டினால் போதும். இருவரும் கோணேசர் கோயில் மலையில் ஏறி

[மலையில ஏற எனக்கு முழங்கால் நோ.]

ஆ. சுலோஜனா போகிறாள். கடிதம் நல்லதல்ல. ஆனால் ஆரம்பம், சின்னச் சத்திரசிகிச்சை, ஒரு கிழமையில் வீடு. நேரத்துக்கு வந்தது நல்லதாப் போச்சு என்று டொக்டர் அஸ்மியா

[டொக்டர்மாருக்குப் பிடிச்ச முடிவு.]

இ. சுலோஜனா போகவில்லை. கார்ட் அலுமாரியிலேயே கிடந்தது. அடுத்த வருடம் சித்திரையில்

[முடியுங்கோ.]

முடிக்க ஏலவில்லை. மூன்று தரம் பேனையை எடுத்தேன், வைத்துவிட்டேன்.

மூன்று முடிவுகளுக்கும் கீழே, பக்கத்தின் அடியில், அழுத்தி எழுதியிருந்தாள்:

[மூண்டிலயும் நான் ஒரு வசனமும் கதைக்கேல்லை.]

திருப்பி வாசித்துப் பார்த்தேன். உண்மை. போகிறாள், போகவில்லை, டொக்டர் சொல்கிறார், கடிதம் சொல்கிறது, நான் சொல்கிறேன். நாலாவது முடிவொன்று எழுதி அதில் அவளுக்கு ஒரு வசனம் கொடுக்கலாம் என்று பேனையை எடுத்தேன். எடுத்த கை எனக்கே வெட்கமாகிவிட்டது.

8

புதன். காலை ஏழரைக்கு அவள் குளித்துச் சேலை கட்டி வந்து நின்றாள். கையில் பை. அலுமாரி திறந்திருந்தது. நான் அவசரமாகப் போட்டுக்கொள்ளச் சேட் ஒன்றைத் தேடினேன்.

"நான்... தனிய..."

"தனியப் போகப் போறீரோ? பஸ்ஸில சனமெல்லே. நான் வெளியில நிக்கிறன், உள்ளுக்கு வரமாட்டன். கிளினிக்கில ஏதும் கேட்டா..."

அவள் பொறுமையாக நின்றாள். நான் கதைத்து முடியும்வரை நின்றாள். பிறகு முதல் சொல்லில் இருந்து திரும்பத் தொடங்கினாள்.

"நான்... தனிய... போட்டு... வாறன்."

நான் சேட்டைக் கதிரையில் போட்டேன். அவள் படலையைச் சாத்திவிட்டு வீதிக்கு இறங்கினாள். கிளினிக்குக்குத்தான் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது பதினொன்றே கால். இந்நேரம் அவளைக் கூப்பிட்டிருப்பார்கள். டொக்டர் கேட்டிருப்பார். என்ன கேட்டார், இவள் என்ன சொன்னாள், துண்டை எடுக்க விட்டாளா, இல்லை என்னோடும் என் கதையோடும் உள்ள கோபத்தில் நகரத்தில் இறங்கி வேறு திசையில் நடந்து கிறேஸ் அக்கா வீட்டில் போய் இருக்கிறாளா, எல்லாவற்றையும் நம்பும்படி எழுத எனக்கு வரும். முப்பத்தாறு வருடமாக அதைத்தானே செய்துவந்தேன். இன்றைக்கு எழுதவில்லை. பயமாக இருக்கிறது, அதை மட்டும் எழுதுகிறேன்.

முடிவு தெரிய வேண்டுமானால் நீங்களே அவளிடம் கேளுங்கள். மத்தியானத்து நிலாவெளி பஸ்ஸில் வருவாள். அறுபத்துமூன்று வயது, ஊதாச் சேலை, இடது கன்னம் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். பக்கத்துச் சீற்றில் இருந்து கேளுங்கள். சொல்லுவாள், ஆனால் ஆறுதலாகத்தான் வரும். வசனம் நடுவில் நிற்கும். அது நிற்கிற இடத்தில் அடுத்த சொல் உங்களுக்குத் தெரிந்துவிடும், உங்கள் வாய்க்கே வந்துவிடும்.

தயவுசெய்து அதைச் சொல்லாதீர்கள்.